குதிரைப்படைத் துப்பாக்கியைத் துடைத்த அக்கா

இத்தாலியின் பலேர்மோவில் எங்கள் வீட்டுக்கு முதன்முதலாக வந்த அன்று அக்கா தேத்தண்ணி குடிக்கவில்லை. அடுப்பைக் கழற்றினார்.

நான் தண்ணீரைக் கொதிக்க வைத்திருந்தேன். நெருப்பு ஒரு பக்கம் மஞ்சளாக எரிவதைக் கதிரையில் இருந்தபடியே பார்த்துவிட்டார். "தம்பி, அதை நிப்பாட்டுங்கோ" என்றார். நான் வாயைத் திறக்க முன்னமே எழும்பி வந்து, என் மனைவியிடம் ஒரு வெள்ளைத் துணி வாங்கி மேசையில் விரித்து, மூடி, வளையம், திருகாணி, சின்னக் குழாய் என்று ஒவ்வொன்றாகக் கழற்றி இடமிருந்து வலமாக அடுக்கினார். ஊசியால் குத்தி, துடைத்து, பிறகு வலமிருந்து இடமாக எடுத்துப் பூட்டினார். பூட்டும்போது கைகளைப் பார்க்கவே இல்லை. மன்னாரில் கருவாடு என்ன விலை போகிறது என்று என் மனைவியோடு கதைத்துக்கொண்டிருந்தார். நெருப்பு நீலமாக எரிந்தது. மனைவிக்குப் புளுகம், முகமெல்லாம் சிரிப்பு. எனக்கு மட்டும் என்னவோ போல இருந்தது.

அக்கா அப்படித்தான். ஒரு சாமானின் உள்பக்கத்தைக் காணாமல் அதை நம்பமாட்டார். மின்விசிறி, தண்ணீர்க் குழாய், ஸ்திரிக்கைப் பெட்டி எல்லாம் அந்த வெள்ளைத் துணியில் ஏறி இறங்கியவைதான். ஒன்றும் பழுதானதில்லை, அதையும் சொல்லவேண்டும். முன்னைவிட நன்றாகத்தான் ஓடும். கரைச்சல் எல்லாம் அதற்குப் பிறகுதான். பூட்டி முடித்ததும் தேய்க்கத் தொடங்குவார். பல்லரோச் சந்தைக்குப் பக்கத்தில் வங்காளிக் கடையில் அக்கா புளி வாங்குவது ரசம் வைக்க அல்ல. புளியும் உப்பும் எலுமிச்சம்பாதியும் போட்டு உலோகம் என்று இருப்பதை எல்லாம் தேய்த்துவிடுவார். என் மனைவியின் கலியாணத் தட்டத்தை ஒருநாள் அப்படித் தேய்த்ததில் வெள்ளிப் பூச்சுப் போய்ச் செம்பு தெரிந்தது. "இப்பத்தான் அதின்ரை உண்மையான நிறம் தெரியுது" என்றார் அக்கா, சந்தோசமாக. மனைவி அவரோடு கன நாள் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

"பாதியில நிப்பாட்டியிருக்கலாமே அக்கா" என்று கேட்டேன்.

"கையை வைச்சால் அரைவாசியில விடுறேல்லை, தம்பி. அப்பிடிப் பழக்கேல்லை என்னை."

யார் பழக்கியது என்று நான் கேட்கவில்லை. எங்கள் ஆட்களிடம் சில கேள்விகளைக் கேட்பதில்லை. வன்னியிலிருந்து வந்தவர், கணவர் இல்லை, ஒரு மகள் ஊரில் பெரியம்மாவோடு இருக்கிறாள் என்பதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது.

அந்த மகள்தான் அக்காவின் மூச்சு. பிள்ளையை இத்தாலிக்குக் கூப்பிடுவதென்றால் பதினெட்டு வயது ஆகமுன்னம் விண்ணப்பம் போடவேண்டும். அதற்குப் பெர்மெசோ என்ற வதிவிட அனுமதி இருக்கவேண்டும், வீடு இருக்கவேண்டும், எல்லாவற்றுக்கும் மேல் ஒரு முறையான கொந்திராத்தோ, அதாவது வேலை ஒப்பந்தம், கையில் இருக்கவேண்டும். அக்காவோ நாலு வீட்டில் கையில் காசு வாங்கிக்கொண்டு தரை துடைத்தவர். மகள் வளர்ந்துகொண்டே இருந்தாள்.

நான் பொலிதேயாமா நாடக அரங்குக்குப் பின்பக்கம், ஒரு வயதான வழக்கறிஞரின் வீட்டில் சமையல்காரனாகவும் கார் ஓட்டுபவனாகவும் இருந்தேன். அவ்வொக்காத்தோ என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். வீடு துடைக்க ஒராள் வேண்டும், ஒப்பந்தம் எழுதித் தருகிறேன் என்றார். அக்காவைக் கூட்டிக்கொண்டு போனேன். முதல் கிழமையே மொக்காவைக் கழற்றி, ரப்பர் வளையத்தையும் எடுத்து, உள்ளுக்குள் இருந்த கறுப்பையெல்லாம் சவர்க்காரம் போட்டுத் தேய்த்து வெள்ளையாக்கி வைத்துவிட்டார். கோப்பி போடும் பாத்திரத்துக்குச் சவர்க்காரம் காட்டுவது பலேர்மோவில் கொலைக்கு அடுத்த குற்றம்; ருசியே அந்தக் கறுப்பில்தான் என்பார்கள். கிழவர் மொக்காவை மணந்து பார்த்துவிட்டு, செத்த வீட்டில் நிற்பவர் போல நின்றார். வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். ஆனால் அன்று பின்னேரம், ஓடாமல் கிடந்த சுவர்மணிக்கூட்டை அக்கா ஓடப் பண்ணியதும் கிழவர் எல்லாவற்றையும் மன்னித்துவிட்டார்.

கிழவரின் வாசிப்பு அறையில், பச்சைத் துணி போர்த்த பலகையில், ஒரு கைத்துப்பாக்கி தொங்கியது. பிரெஞ்சுச் சக்கரவர்த்தியின் குதிரைப்படைக்குச் செய்தது. வீட்டுக்கு யார் வந்தாலும் அதைக் கழற்றிக் கையில் கொடுத்து அடையாளங்களை ஒப்புவிப்பார். அவருக்குக் கண் பார்வை முக்கால்வாசி போய்விட்டதால் பெருவிரலால் தடவித்தான் சொல்லுவார். இதோ, தீக்கல்லைக் கவ்வும் இந்தக் குதிரையின் கீழே, தகட்டில் சாய்ந்த எழுத்தில் ஆயுதச்சாலையின் பெயர். இதோ, குழாயில் கிரீடம், அதன் கீழே மேற்பார்வையாளரின் ஒற்றை எழுத்து. வெடிமருந்து வைக்கும் சின்னக் கிண்ணம் இரும்பில்லை, பித்தளை, கவனியுங்கள். குழாயை மரத்தோடு பிடிக்கும் பட்டியும் பித்தளை, பிடியின் அடிமூடியும் பித்தளை. மரத்தின் இடப்பக்கத்தில் வட்ட முத்திரை, அது இருந்தால்தான் படைக்குப் போனது, இல்லாவிட்டால் யாரோ கடைக்காரன் செய்தது. நான் கோப்பித் தட்டோடு நின்று கேட்டுக் கேட்டு எனக்கே பாடம் வந்துவிட்டது.

பாடம் முடிந்ததும் விளையாட்டு. விருந்தாளியின் நெஞ்சுக்கு நேரே குழாயை நீட்டி, குதிரையைப் பின்னால் இழுத்து, விசையை அமத்துவார். டக். தீக்கல் உரசி ஒரு பொறி பறக்கும். விருந்தாளி துள்ளுவார், எல்லோரும் சிரிப்பார்கள். என்மேல் எத்தனையோ தரம் செய்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கு மகன் குடும்பத்தோடு வந்தால் பேத்தியின் நெற்றிக்கு நேரே பிடிப்பார். அந்தச் சின்னது கண்ணை இறுக மூடிக்கொண்டு சத்தத்துக்குக் காத்து நிற்கும். டக். பிறகு இன்னொரு தரம் என்று கேட்கும்.

ஒருநாள் அக்காவின் முறை வந்தது. அவர் புத்தகத் தட்டைத் துடைத்துக்கொண்டு நின்றார். திரும்பிய நேரம் குழாய் அவருடைய கழுத்துக்கு நேரே இருந்தது. எங்கள் எல்லோரையும் போல அவர் துள்ளவில்லை, கத்தவுமில்லை. ஒரு அடி பக்கவாட்டில் வைத்து, குழாயை இரண்டு விரலால் சுவர்ப்பக்கம் தள்ளி, மற்றக் கையால் குதிரையைப் பிடித்துக்கொண்டார். எல்லாம் ஒரே அசைவில் நடந்தது. "சிஞ்ஞோரே, நோ" என்றார். குரல் உயரவில்லை. கிழவர் சிரித்தபடி விட்டுக்கொடுத்தார். அக்கா துப்பாக்கியை வாங்கிப் பலகையில் மாட்டும்போது, குழாய்க்குள் கொஞ்ச நேரம் பார்த்தார். அந்த முகத்தை நான் அதற்கு முன் கண்டதில்லை. மறுபடி காணவும் விரும்பவில்லை.

அதற்கு அடுத்த கிழமை துப்பாக்கி கோயில் குத்துவிளக்குப் போல மின்னியது. எனக்கு விளங்கிவிட்டது. புளி. கிழவரின் கண்ணுக்கு அது பழையபடி ஒரு மங்கல் உருவம்தான், விரலும் பழக்கத்தில்தான் ஓடியது, அவர் ஒன்றும் அறியவில்லை. அடுத்த விருந்தாளி வந்தபோது வழக்கம் போல ஒப்புவித்தார். "இதோ வட்ட முத்திரை" என்று பெருவிரலை வைத்த இடத்தில் ஒன்றுமே இல்லை, வழவழப்பான மரம். கிரீடம் இருந்த இடம் தேய்ந்த நாணயம் மாதிரி இருந்தது. விருந்தாளி அரைக்கண்ணால் பார்த்துத் தலையை ஆட்டினார். நான் கோப்பித் தட்டை அவசரமாக நடுவில் நீட்டினேன்.

குசினிக்கு வந்து கேட்டேன். "அக்கா, என்ன செய்து வைச்சிருக்கிறியள்? அந்த அடையாளங்கள்தான் அதின்ரை பெறுமதி. அந்தாளுக்குத் தெரிஞ்சால் என்ன நடக்கும்?"

"பேசாமல் இருங்கோ, தம்பி" என்றார். "அது இப்ப சுத்தம்."

அக்காவின் கிறுக்கு என்று நினைத்து விட்டுவிட்டேன். ஞாயிறுதோறும் பேத்தியின் நெற்றிக்கு முன்னால் டக் என்ற சத்தம் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. அந்த நேரத்தில் அக்கா பாத்திரம் கழுவுவதை நிறுத்தமாட்டார் என்பதை மட்டும் கவனித்தேன். முன்பெல்லாம் அந்தச் சத்தத்துக்குத் தண்ணீர்க் குழாயை மூடிவிட்டு நிற்பார்.

ஊரிலிருந்து மகளின் பத்திரங்கள் வந்து சேர முன்னம், மாரி தொடங்கக் கிழவர் செத்துப்போனார், அவர் எழுதிய ஒப்பந்தமும் அதோடு முடிந்தது. மகன் நல்ல மனுசன் போலத்தான் நடந்துகொண்டார். அக்காவைத் தன் வீட்டுக்கு எடுப்பதாகவும் புது ஒப்பந்தம் எழுதுவதாகவும் சொன்னார். அக்காவின் மகளுக்குப் பதினெட்டாவது பிறந்தநாள் கிட்டத்தில் வந்துவிட்டது. அக்கா படங்கள், பிறப்புப் பத்திரம், மொழிபெயர்ப்பு எல்லாம் எடுத்து ஆயத்தமாக வைத்திருந்தார். அந்த ஒப்பந்தம் ஒன்றுதான் இல்லாத குறை.

செத்தவரின் ஆயுதம் என்றால் வாரிசு பொலிசுக்கு அறிவிக்கவேண்டும். மகன் பழைய ஆயுதங்கள் தெரிந்த ஒரு நிபுணரைக் கூப்பிட்டார். நிபுணர் கிழவர் வைத்திருந்த படங்களையும் துப்பாக்கியையும் மாறி மாறிப் பார்த்தார். படத்தில் பித்தளை கறுத்திருக்கிறது, முத்திரை தெளிவாக இருக்கிறது. கையில் இருப்பதில் இரண்டும் இல்லை. "வெளியில் பார்த்து இதுதான் அது என்று என்னால் கையெழுத்துப் போட முடியாது" என்றார். மகனுக்கு அது போதும். உண்மையானதை எடுத்து விற்றுவிட்டு, சந்தையில் வாங்கிய போலியை மாட்டியிருக்கிறார்கள். அந்த அறையைத் துடைத்தது யார்?

மறுநாள் காலை ஒரு பெண் இன்ஸ்பெக்டர் வந்தார். வாசிப்பு அறையில் மேசைக்கு ஒரு பக்கம் அவர், மகன், நிபுணர். மறுபக்கம் அக்காவும், மொழிபெயர்க்க நானும். களவு வழக்கு ஒன்று பதிந்தால் பெர்மெசோ புதுப்பிக்க வராது. பெர்மெசோ இல்லாவிட்டால் மகள் இல்லை. அக்காவுக்கும் அது தெரியும். கைகளை மடியில் கோத்துக்கொண்டு இருந்தார்.

"துடைச்சனான். புளியும் எண்ணெயும் போட்டுத் துடைச்சனான். அவ்வளவும்தான்" என்றார். நான் சொன்னேன். மகன் கேலியாக மூச்சு விட்டார்.

நிபுணர் நிதானமான ஆள். "வெளியை அழிக்கலாம், உள்ளே அழிக்க யாரும் மெனக்கெடமாட்டார்கள். பார்த்துவிடுவோம்" என்று திருகாணிகளைக் கழற்றித் தகட்டைத் திறந்தார். பூதக்கண்ணாடியால் கன நேரம் பார்த்தார். தகட்டின் உள்பக்கத்திலும் திருகாணிகளின் கழுத்திலும் ஒரே சின்னக் குறி இருந்தது. குழாயைத் தூக்கினார், அதன் அடிவயிற்றிலும் அதே குறி. படங்களோடு கிழவர் எழுதி வைத்திருந்த குறிப்பிலும் அதுதான்.

"அதே துப்பாக்கிதான்" என்றார்.

நான் அக்காவின் கையைப் பிடித்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, நிபுணரின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு அடுத்தது என்ன வரும் என்று தெரிந்திருக்கிறது.

"ஆனால் இதைக் கிட்டடியில் யாரோ முழுதாகக் கழற்றியிருக்கிறார்கள்" என்றார் நிபுணர். "உள்ளே புது எண்ணெய். இந்த வில்லை எடுத்துத் துடைத்துத் திரும்ப மாட்டியிருக்கிறார்கள். தெரியாதவர் தொட்டால் வில் முறியும், இல்லாவிட்டால் விரல் போகும். இது பழகின கை." பிறகு சின்ன விளக்கைக் குழாய்க்குள் பிடித்தார். அவருடைய குரல் மாறியது. "அடியில் ஒரு துரு வளையம் இருக்கிறது. இங்கே கன காலம் ஒரு குண்டு இறுகிக் கிடந்திருக்கிறது. இந்தத் துப்பாக்கி நிரப்பியபடி இருந்திருக்கிறது. யாரோ வெளியே எடுத்திருக்கிறார்கள்."

இன்ஸ்பெக்டர் அக்காவைப் பார்த்து, யார் என்று கேட்டார்.

அக்கா எழும்பிக் குசினிக்குப் போனார். பொத்தான்கள் போட்டு வைக்கும் தகரப் பெட்டியோடு வந்து, அதற்குள்ளிருந்து ஒரு கறுத்த ஈயக் குண்டை எடுத்து மேசையில் வைத்தார். அது கொஞ்சம் உருண்டு நின்றது.

"நான்தான்" என்றார். "கம்பியை உள்ளுக்கை விட்டு அளந்தன். வெளியில வைச்சுப் பாத்தால் நெருப்புத் துவாரத்துக்கு எட்டேல்லை. உள்ளுக்கை ஏதோ கிடக்குதெண்டு தெரிஞ்சுது. முதல் தண்ணி விட்டு மருந்தை ஊற வைச்சன். பிறகு கம்பி நுனியில திருகாணி கட்டிக் குண்டை இழுத்தன். அந்தப் பிள்ளை ஒவ்வொரு ஞாயிறும் முன்னுக்கு வந்து நிக்கிது, தம்பி. ஆரிட்டைச் சொல்லுறது? சொன்னால் உனக்கெப்பிடித் தெரியும் எண்டு கேப்பினம்." குண்டைப் பார்த்து, "இதையும் தேய்ச்சுப் பாத்தன், வெளிக்கேல்லை" என்றார்.

கடைசி வசனத்தை விட்டுவிட்டு மற்றதை மொழிபெயர்த்தேன். நிபுணர் குண்டைக் குழாயின் வாயில் வைத்துப் பார்த்தார், சரியாக இருந்தது. கிண்ணத்தில் மருந்து இல்லாததால்தான் இதுவரை வெடிக்கவில்லை, ஆனாலும் தீக்கல் பொறி அந்தச் சின்னத் துவாரத்தால் உள்ளே போயிருந்தால் வெடித்திருக்கும், வேறு இடங்களில் அப்படி நடந்திருக்கிறது என்றார். மகன் பக்கம் திரும்பி, "உங்கள் அப்பா இதை யார் மேல் பிடித்து விளையாடுவார்?" என்று கேட்டார். மகன் குண்டைப் பார்த்தார். கதிரையைப் பிடித்துக்கொண்டு இருந்தார்.

இன்ஸ்பெக்டர் மட்டும் அக்காவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "இதெல்லாம் எங்கே பழகினீர்கள்?" என்று மெதுவாகக் கேட்டார்.

அக்கா என்னிடம் தமிழில் சொன்னார். "இயக்கத்தில இருந்து வீட்டுக்கு ஒராள் எண்டு கேட்டு வந்தவை. என்ரை அக்காவுக்குக் கலியாணம் முடிஞ்சிட்டுது, தம்பி சின்னவன். நான் போனன். எனக்குப் பதினாறு வயசு. கண் கொஞ்சம் சரியில்லை எண்டு சுட விடேல்லை. துவக்குகளைத் துடைக்க விட்டவை. மூண்டு வருசம் துடைச்சனான். சொல்லுங்கோ."

நான் சொல்லவில்லை. பெர்மெசோ, ஒப்பந்தம், மகள் எல்லாம் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றன. "அவருடைய அப்பா வேட்டைக்காரர், பழைய துப்பாக்கி வைத்திருந்தார், அவரிடம் பழகினாராம்" என்று இத்தாலியனில் சொன்னேன். நல்ல பொய். யாருக்கும் நட்டமில்லாத பொய். இன்ஸ்பெக்டர் தலையாட்டத் தொடங்கிவிட்டார்.

"நோ" என்றார் அக்கா.

அவருக்கு அவ்வளவு இத்தாலியன் விளங்கும் என்று எனக்குத் தெரியாது. "பப்பா பெஸ்கத்தோரே" என்றார், அப்பா மீன்பிடிகாரர் என்று. பிறகு தன் நெஞ்சில் கையை வைத்து, "இயோ, குவெர்ரா. இயோ புலிரே" என்றார். நான், போர். நான், துடைக்கிறது.

எனக்கு வந்த கோபத்தில் அவரை அந்த இடத்திலேயே உலுக்கவேண்டும் போல இருந்தது. இன்ஸ்பெக்டர் பேனையை மூடினார். "என்னைக் கூப்பிட்டது காணாமல் போன துப்பாக்கிக்கு. துப்பாக்கி இங்கேயே இருக்கிறது" என்றார். போகும்போது அக்காவிடம் கை கொடுத்தார். மகனும் கை கொடுத்தார். அவருடைய கண்கள் நனைந்திருந்தன. அது நடிப்பு என்று நான் சொல்லமாட்டேன்.

கிழமை முடிய மகன் எனக்கு ஃபோன் எடுத்தார். குரலில் தேன் ஒழுகியது. அந்த அம்மா செய்ததை எங்கள் குடும்பம் மறக்காது என்றார். ஆனால் நீ விளங்கிக்கொள்ளவேண்டும், வீட்டில் சின்னப் பிள்ளை இருக்கிறது, அப்படியான இடத்திலிருந்து வந்த ஒருவரைப் பிள்ளையோடு விட என் மனைவிக்குப் பயமாக இருக்கிறது என்றார். அந்தப் பிள்ளையின் நெற்றியைக் காப்பாற்றிய கைக்குத்தான் பயமாம். நான் இத்தாலியனில் தெரிந்த கெட்ட வார்த்தைகளை எல்லாம் ஃபோனை வைத்த பிறகு சொன்னேன். வைக்க முன்னம் சொல்லியிருக்கவேண்டும்.

புது ஒப்பந்தத்துக்கு நாங்கள் அலையாத இடம் இல்லை. பிறந்தநாள் வந்தது, போனது. மகள் இப்போதும் ஊரில்தான் இருக்கிறாள். அக்கா இத்தாலியின் வடக்கே ஒரு நகரத்தில் யாரோ ஒரு கிழவியைப் பார்த்துக்கொள்கிறார் என்று கேள்வி.

கிழவரின் மகன் ஃபோன் எடுத்த அடுத்த நாள் செய்தியைச் சொல்ல அக்காவைத் தேடிப் போனேன். இருவரும் வியா மக்வேதா என்ற தெருவால் நடந்து ஸ்டேஷன் பக்கத்துப் பஸ்தரிப்புக்கு வந்தோம். முழுவதையும் கேட்டுவிட்டுக் கைப்பையில் பஸ் டிக்கெட்டைத் தேடினார். எனக்குத்தான் பொறுக்கவில்லை.

"நான் சொன்ன பொய்யில என்ன குறை அக்கா? ஒரு சொல்லுச் சொல்லாமல் பேசாமல் இருந்திருந்தால் பிள்ளை இஞ்சை வந்திருப்பாள்."

"ஓம். வந்திருப்பாள்."

"அப்ப ஏன்?"

"அந்தப் பொலிஸ் பொம்பிளை கேட்டவ, தம்பி, எங்கை பழகினனீ எண்டு. இவ்வளவு காலத்தில என்னை ஆரும் அப்பிடிக் கேக்கேல்லை. சண்டை முடிய முகாமில ஆமிக்காரர் கேட்டவை, அது வேறை கேள்வி. உங்கட வீட்டில எத்தினை தரம் வந்து இருந்திருப்பன், நீங்கள் கூடக் கேக்கேல்லை."

நான் தரிப்பில் ஒட்டியிருந்த நேர அட்டையை வாசித்தேன். பிறகு, "மகளுக்கு என்ன சொல்லப்போறியள்?" என்று கேட்டேன்.

"அவளுக்கு அம்மா அந்த நேரம் தையல் கடையில நிண்டவ எண்டுதான் தெரியும்." பஸ் வளைவில் திரும்பி வந்துகொண்டிருந்தது. "ஒருக்கா வாயால வந்திட்டுது தம்பி. இனி அவளுக்கும் சொல்லலாம். பின்னேரம் ஃபோன் எடுப்பன்."

ஏறி, சன்னல் பக்கம் போய் இருந்தார். பஸ் புறப்படும்போது பார்த்தேன், பின்னேரம் வரை பொறுக்கவில்லை. ஃபோன் காதில் இருந்தது, அக்கா கதைக்கத் தொடங்கியிருந்தார்.